பட்டா யார் பேருக்கு?



1789-ம் வருஷம் அமெரிக்காவிலே ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அந்தக் காலத்திலேதான் நம்ம ராமநாதபுரத்திலே முத்துராமலிங்க சேதுபதி மன்னரும் அவருடைய பிரதானி முத்திருளப்ப பிள்ளையும், மேற்கே கடலுக்குப் போகிற பெரியாற்றுத் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்ப முடியுமா என்று யோசித்தார்கள். செலவு தாங்காது என்று அந்த யோசனை நின்று போச்சு. அந்த அணை கட்டி முடிய 1895 ஆயிற்று.

தண்ணீரைப் போல நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. புது அமெரிக்க சர்க்காரிடம் கடன் நிறைய, நிலமும் நிறைய. அந்த நிலம் செவ்விந்தியர்களிடமிருந்து பறித்தது, அதை மறைக்கக் கூடாது. 1785-ல் ஒரு சட்டம் போட்டு, நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து விற்றார்கள். குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும் என்றால் சாதாரணக் குடியானவன் எங்கே போவான்? முணுமுணுப்பு கிளம்பியது. வோட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு அது காதில் விழாமல் இருக்குமா? 1800-ல் 320 ஏக்கர், தவணையிலும் கட்டலாம் என்றார்கள். 1820-ல் 80 ஏக்கர், ஏக்கருக்கு ஒண்ணேகால் டாலர், ரொக்கம். தெற்கே அடிமைகள் பருத்தி எடுத்த கொடுமை ஒரு பக்கம். ஆனாலும் ஏர் பிடிக்கிற வெள்ளைக் குடியானவன் பேரிலே பத்திரம் எழுதினார்கள்.

இங்கே என்ன நடந்தது? 1792-ல் நவாபோடு செய்த உடன்படிக்கைப்படி பாளையங்களின் பேஷ்குஷைக் கும்பெனியாரே வசூலிக்க ஆரம்பித்தார்கள். துணி வாணிபம், சுங்கம், தானியம் என்று ஒவ்வொன்றிலும் சேதுபதிக்கும் அவர்களுக்கும் இழுபறி. 1795-ல் மன்னரைப் பதவியிலிருந்து இறக்கித் திருச்சியில் சிறை வைத்தார்கள். 1809-ல் சென்னையில் கைதியாகவே காலமானார். நடுவிலே 1799-ல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஜனங்களைத் திரட்டிக் கும்பெனியை எதிர்த்தார். அவரை 1802-ல் தூக்கில் போட்டார்கள்.

அதே 1802-ல் நிலவரித் திட்டத்தை ஒரேயடியாக நிர்ணயிக்கிற 25-வது ரெகுலேஷன் வந்தது. 1803-ல் மன்னரின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் சனது கொடுத்தார்கள். பேஷ்குஷ் இவ்வளவு, என்றைக்கும் மாறாது. ராஜ்யம் ஜமீன் ஆச்சு. உழுகிற குடியின் பேர் அந்தச் சனதில் கிடையாது. குடிகளுக்குப் பட்டா கொடுக்கணும் என்று அதே வருஷம் தனியாக ஒரு ரெகுலேஷன் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் கலெக்டர் கண்ணுக்குத் தெரிந்தவர் ஜமீன்தார் ஒருவரே.

பிறகு நம்ம ஊரில் நடந்தது வாரம். நெல்லைக் களத்தில் போட்டுவிட்டு, ஜமீன் ஆள் வந்து அளக்கிற வரை காத்திருக்கணும். மழை வந்தால் யாரைக் கேட்பது? மேல்வாரம் போக மிஞ்சினது குடிவாரம்.

கண்மாய் விஷயம் இதைவிட மோசம். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு 48 மடை என்று பெருமையாகச் சொல்லுவோம். கரையும் கலுங்கும் பழுதானால் பெரிய பணம் வேண்டும். ஜமீனுக்கோ வாரிசு வழக்கு ஓயவில்லை. ஒரு தத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-ல் தீர்ந்தது. சட்டப் புஸ்தகத்தில் அது பேர்போன வழக்கு. வக்கீலுக்குப் போகிற பணம் கரைக்கு வராது என்பது என் அபிப்பிராயம். கும்பெனி நேராக வசூலித்த இடங்களில் தாமஸ் மன்றோ ஆதரித்த ரயத்துவாரி முறை வந்தது. அங்கே வரி கடுமை, ஆனாலும் பட்டா உழவர் பேரில்.

1908-ல் எஸ்டேட் நிலச் சட்டம் வந்த பிறகுதான் ஜமீன் குடிகளுக்கு நிலத்தில் நிலையான பாத்தியதை உறுதியாயிற்று. 1948-ல் சென்னை சர்க்கார் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்து, நிலத்தை ரயத்துவாரி ஆக்கியது. அமெரிக்கக் குடியானவன் கையில் பத்திரம் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நம்ம குடியானவன் பேரில் சர்க்கார் பட்டா. நிலத்தோடு கண்மாய்களும் சர்க்கார் கைக்கு வந்தன. ஏட்டில் இன்றைக்கும் அவற்றுக்கு ஜமீன் கண்மாய் என்றே பேர்.