வைரம் பாய்ந்த மரம்

பெங்களூர் நகரச் சந்தைக்கு அருகே, கோட்டை வேங்கடரமணர் ஆலயத்தை அடுத்து நிற்கும் மர மாளிகையை, இந்நகரில் வாழும் தமிழர் பலரும் பேருந்தில் செல்லும்போது கண்டிருப்பர். ஹைதர் அலி 1781-ஆம் ஆண்டில் தொடங்கிய அம்மாளிகையைத் திப்பு சுல்தான் 1791-இல் முடித்தார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் கார்ன்வாலிஸின் படை கோட்டையைக் கைப்பற்றியது. பிற்காலத்தில் மைசூர் அரசின் செயலகம் அங்கே இயங்கி, 1868-இல் அட்டாரக் கச்சேரிக்கு மாறிற்று. ஆக, மன்னர் இருந்த காலத்தினும் குமாஸ்தாக்கள் அமர்ந்திருந்த காலமே நெடிது!

அதன் தூண்களும் வளைவுகளும் மாடங்களும் தேக்கால் ஆனவை. தூணின் அடி மண்ணைத் தொடுவதில்லை. கற்பீடத்தின் மேல் நிற்கிறது. நிலத்தின் ஈரமும் கறையானும் மரத்தை எளிதில் எட்டாதவாறு அக்கல் காக்கிறது. எஞ்சிய காவல் தேக்கின் வைரத்திலேயே அமைந்துள்ளது. அதில் ஊறியுள்ள எண்ணெய்ப் பொருள்களைக் கறையான் விரும்பாது. உலர்ந்தபின் தேக்கு அதிகம் சுருங்குவதும் இல்லை.

அத்தகைய கட்டடத்திற்கு உள்ளூர் மென்மரம் உதவுமா? மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இச்சொல்லே இடர் தருவது. ஆங்கில நூல்கள் 'சாஃப்ட்வுட்' என்பது மெத்தென்ற மரத்தையன்று. தேவதாரு, பைன் போன்ற கூம்பு தாங்கும் இனத்தை. தக்கைபோல் இலேசான பால்சாவும் அக்கணக்கில் வன்மரமே. ஊசியிலை கொண்டதுபோல் தோன்றும் நம் சவுக்கும் வன்மரமே. தொல்காப்பியம் இவ்வகையில் தெளிவானது: உள்ளே காழ் உடையதை மரம் என்றும், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் பிரித்தது. தச்சருக்கு வேண்டுவதும் அதுவே: காழ் எங்குள்ளது, எவ்வளவு உள்ளது?

ஸ்ரீநகரில், ஜீலம் நதிக்கரையில் உள்ள ஷா ஹமதான் பள்ளிவாசலில் தேவதாரு பெரிதும் பயன்பட்டுள்ளது. நூல் வழக்கில் அது மென்மரமாயினும், அதன் வைரமும் எண்ணெய்ப் பசை உடையது, எளிதில் உளுத்துப்போவதில்லை. காஷ்மீரத் தச்சருக்கு அதுவே உள்ளூர் மரம். தென்னாட்டிலோ கூம்பு தாங்கும் இனங்களில் இயற்கையாய் வளர்வது நாகியா ஒன்றே. மேற்கு மலைகளின் ஈரக்காடுகளில் அரிதாகக் காணப்படுவது. எனவே மைசூர்த் தச்சருக்குத் தேக்கே இயல்பான தேர்வாயிற்று.

அத்தேக்கும் அருகிற்று. கப்பல் கட்டத் தேக்குத் தேடிய கும்பினியார், 1806-இல் கேப்டன் வாட்சனை மலபார்க் காடுகளுக்கு அதிகாரியாக்கினர். வெட்டியதை ஈடுசெய்ய 1840-களில் நிலம்பூரில் கனோலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் வளர்க்க நேர்ந்தது.

பின்னர் வழி வேறாயிற்று. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொன்டி காமேசம் 1933-இல் 'ஆஸ்கு' என்னும் மருந்தைக் கண்டார். செம்பு, குரோமியம், பாஷாணம் ஆகியவற்றின் உப்புகளை அழுத்தத்தால் மரத்துள் செலுத்தும் முறை அது. வைரமற்ற மரமும் அதனால் நீண்டு உழைத்தது. உலகெங்கும் அது பரவிற்று. மைசூர் அரசும் 1938-இல் பெங்களூரில் ஒரு வன ஆய்வுக்கூடம் நிறுவியது. மல்லேசுவரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அதன் வழிவந்ததே. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் போன்ற எளிய மரங்களையும், தக்க மருந்தேற்றினால், நெடுநாள் பயன்படுத்தலாம்.

ஆயினும் பாஷாணம் பாஷாணமே. அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டுப் பயன்களுக்கு அம்மருந்தைக் கைவிட்டனர். அவ்வாறு மருந்தேற்றிய மரத்தின் வெட்டுத் துண்டுகளை அடுப்பில் இடலாகாது. புகையில் மட்டுமன்றிச் சாம்பலிலும் நஞ்சு தங்கும்.