நோட்டு மூணு

பொன்னேரிப் பக்கம் 1980-களில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் பேண்டு செட்டைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், பெரிய டிரம் ஒன்று, சின்ன டிரம் ஒன்று. நான் இரண்டாவது கிளாரினெட். மற்ற நாளெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. முகூர்த்த நாள் வந்தால் யாரிடமாவது கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன்.

சினிமாப் பாட்டாக வாசித்துக்கொண்டே போவோம். ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது வாத்தியார் மூன்று விரலைக் காட்டுவார். நோட்டு மூணு. அதற்கு வார்த்தை கிடையாது. ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே குதித்துக் குதித்து ஓடும் மெட்டு. பெட்ரோமாக்ஸ் தூக்கி வருகிறவர்கள் நடைகூட அதற்கேற்ப மாறிவிடும். வாத்தியார் அதை ஸ்வரமாக வாயால் சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சொந்தச் சரக்கு என்றே முப்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பேத்தி பாட்டு வகுப்பிலிருந்து வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். சமஸ்கிருத வார்த்தை, ஆனால் மெட்டு அச்சு அசலாக நோட்டு மூணு.

“இது யார் பாட்டும்மா?”

“முத்துசுவாமி தீட்சிதர், தாத்தா. ‘வந்தே மீனாட்சி’. வெள்ளைக்காரங்க பேண்டு வாசிச்சதைக் கேட்டு எழுதினாராம்.”

அன்றிலிருந்துதான் அந்த வெள்ளைக்காரப் பேண்டைத் தேட ஆரம்பித்தேன். தேடிப்போனால் அது என் வீட்டுப் பக்கத்திலேயே வந்து நின்றது. மீஞ்சூரைத் தாண்டிப் போனால் மணலி. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்தும், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான் கண்ணில் வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது கம்பெனி துபாஷிகளான முதலியார் குடும்பத்தின் ஊர். அவர்கள் ஆதரவில்தான் திருவாரூரிலிருந்து ராமசுவாமி தீட்சிதர் மனைவி மக்களோடு வந்து அங்கே தங்கினார். மூத்த மகன் முத்துசுவாமி அப்போது மீசை அரும்பும் வயசுப் பிள்ளை.

மணலி சின்னையா முதலியார் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் பிள்ளைகளும் கூடப் போவார்கள், அங்கே கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பதைக் கேட்பார்கள் என்பது சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கேட்டதோடு நிற்கவில்லை. தம்பி பாலுசுவாமிக்கு ஒரு ஐரோப்பியரை வைத்து பிடில் சொல்லிக்கொடுக்க முதலியார் ஏற்பாடு செய்தார். கர்நாடக சங்கீத மேடையில் வயலின் வந்து உட்கார்ந்த கதை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அண்ணனோ பேண்டின் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள்.

அத்தனையும் சங்கராபரணத்தில். வெள்ளைக்காரர்களின் மேஜர் ஸ்கேலும் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் ஒரே படிக்கட்டு. ஆனால் படியேறும் விதம் வேறு. தீட்சிதரின் மற்ற கிருதிகளில் ஒரு ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு, ஆடி, அசைந்துதான் இறங்கும். நோட்டுஸ்வரத்தில் கமகமே இல்லை. ஒவ்வொரு ஸ்வரமும் ஆணி அடித்ததுபோல் நிற்கும். காதில் விழுந்ததை அவர் தன் வழிக்கு வளைக்காமல், விழுந்தபடியே எழுதியிருக்கிறார். எங்கள் வாத்தியாரும் இதற்காகவே என்னைத் திட்டுவார். “சினிமாப் பாட்டுக்கு இழு, யார் வேணாங்கறா? நோட்டுக்கு இழுக்காதே. வெட்டி வெட்டி ஊது.”

வார்த்தையில்தான் தீட்சிதரின் குறும்பு. ‘வந்தே மீனாட்சி’யின் மெட்டு, அயர்லாந்தின் மாலோ என்ற ஊரில் குடியும் கூத்துமாகத் திரிந்த இளவட்டங்களைப் பற்றியது. அது மதுரை மீனாட்சியின் காலடிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காக்கட்டும் என்னும் தேசிய கீத மெட்டை எடுத்து, சங்கீதத்துக்கே அரசியான சியாமளையிடம் ‘என்னை எந்நாளும் காப்பாற்று’ என்று கேட்டுவிட்டார். ‘ச்யாமளே மீனாட்சி’யைப் பாடினால் இங்கிலீஷ் மீடியம் குழந்தைகள் உடனே ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று கத்தும். மெட்டு பழைய பிரெஞ்சு மெட்டு. அந்த ஆங்கில வார்த்தைகள் அச்சானதே 1806-இல்தான்.

குருகுஹன் என்ற முத்திரையோடு அவர் பாடிய முதல் கிருதி பிறந்ததாகச் சொல்லும் திருத்தணியும் எங்கள் மாவட்டம்தான். அந்தக் கதையில் முருகனே கிழவராக வந்து வாயில் கற்கண்டு போடுகிறார். அதை ஊரே அறியும். கோட்டையில் ஊதியவர்களைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் இந்தப் பாட்டுகளோடு வரவில்லை.

கிராமபோன் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தது 1902-இல், கல்கத்தாவில். அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தைய பேண்டு இது. அதன் சத்தம் எந்தத் தட்டிலும் ஏறியிருக்க முடியாது. தட்டு இல்லாவிட்டாலும் பதிவு இல்லை என்று சொல்வதற்கில்லை. பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் இருந்துகொண்டு 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார், அடுத்த வருஷம் வந்த ‘பிரதமாப்யாச புஸ்தக’த்தில் நோட்டுஸ்வரங்களை ஸ்வரப்படுத்திக் கொடுத்தார். அதை வைத்து வாசித்துப் பார்த்தேன். கமகம் போடாமல், வெட்டி வெட்டி ஊதினால், பட்டாளம் அணிவகுப்பது கேட்கிறது.

ஒன்றைச் சொல்லவேண்டும். மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவில் பாடி ஊரையே கிறங்கடித்த ‘இங்கிலீஷ் நோட்டு’ இதில் சேராது. அது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மேல்நாட்டுப் பாணியில் தாமே போட்டது. எங்கள் செட்டில் அதையும் வாசிப்போம். அது நோட்டு ஒண்ணு.

வாத்தியார் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவருடைய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நோட்டு 1, நோட்டு 2, நோட்டு 3 என்று தலைப்பு, கீழே ஸரிகம. யார் போட்டது, எங்கே கேட்டது, ஒன்றும் இல்லை. எங்கள் செட்டின் சத்தத்துக்கும் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம்: ஆரணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்த கல்யாணத்தில், பெண்ணின் அண்ணன் டேப் ரெக்கார்டரில் பிடித்த கேசட். இரண்டாம் பக்கத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே நோட்டு மூணு வருகிறது. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது அடியில் நான் தடுமாறுகிறேன், தெளிவாகக் கேட்கிறது. வாத்தியார் அடுத்த அடிக்குப் போகவில்லை. அதே அடியைத் திரும்ப ஊதுகிறார். நான் வந்து ஒட்டிக்கொள்கிறேன். அப்புறம்தான் ஊர்வலம் நகர்கிறது.

“நீங்க தப்பு பண்ணீங்களா தாத்தா?” என்றாள்.

“ஆமாம்” என்றேன். “இன்னொரு தடவை போடு.”