குறும்பியும் ஒரு பிரெஞ்சு இன்ஜினீயரும்

காதில் மாட்டியிருக்கிற இயர்பட்ஸை ஒரு நிமிஷம் கழற்றி, அதிலுள்ள சின்ன வலையை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக ஏதோ அப்பியிருக்கிறதா? முகம் சுளிக்காதீர்கள். உங்கள் சொந்தத் தயாரிப்புதான்! தமிழில் அதற்குக் ‘குறும்பி’ என்று பெயர்.

1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் க்ளெமான் அதேர் என்பவர் ஆபரா மேடையிலிருந்து கம்பி இழுத்து ஒரு வேடிக்கை காட்டினார். இரண்டு கையிலும் ரிசீவரைப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு ஜனங்கள் பாட்டுக் கேட்டார்கள். விக்டர் ஹ்யூகோகூட கேட்டு அதிசயித்தார். (கை வலித்திருக்காதோ?)

பத்து வருஷம் கழித்து, எர்னெஸ்ட் மெர்காதியே என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் அமெரிக்காவில் ஒரு பேடன்ட் வாங்கினார். காதுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் இரண்டு குட்டி ரிசீவர்கள். எடை 50 கிராமுக்கும் குறைவு! உறுத்தாமலிருக்கவும், வெளிச்சத்தம் நுழையாமலிருக்கவும் நுனியில் ரப்பர் உறை. இன்றைய சிலிகான் நுனிக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

காதை அடைத்தாயிற்றா? அங்கேதான் வம்பு! குறும்பி அழுக்கல்ல, காவல்காரன். நாம் மெல்ல, பேச, அது தானே மெதுவாக வெளியே நகரும். வாசலைச் சாத்தினால் எங்கே போகும்? கதவிலேயே அப்பிக்கொள்ளும்.

1923-ல் லியோ கெர்ஸ்டன்ஸாங் என்ற அமெரிக்கர், குழந்தைகளைச் சுத்தம் செய்யப் பஞ்சுக்குச்சி தயாரித்தார். பெரியவர்கள் அதைக் காதுக்குள் விட்டுக் குடைய, குறும்பி இன்னும் ஆழத்துக்குப் போனது. கடைசியில் டப்பாவிலேயே ‘காதுக்குள் நுழைக்காதீர்கள்’ என்று அச்சடிக்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் எனக்கு இடதுபக்கம் பாட்டு மங்கலாகக் கேட்டது. வால்யூமை ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன். சரி, வயசாகிவிட்டது என்று டாக்டரிடம் போனேன். காதைப் பார்த்தவர், ‘அதைக் கொடுங்க சார்’ என்று இயர்பட்ஸை வாங்கிப் பார்த்தார். வலை அடைத்திருந்தது! எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை நாளும், அடைப்பில்லாத வலதுபக்கம் முழுச் சத்தத்தையும் தாங்கியிருக்கிறதே! உள்காதிலிருக்கும் நுண்மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது.

சிலிகான் நுனியைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். வலைக்குத் தண்ணீர் ஆகாது. அதைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்து, மெத்தென்ற உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி மட்டும் வேண்டவே வேண்டாம், குறும்பி உள்ளே போய்விடும்.

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ணியதும் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன்.