பாரீஸ் கிரெனேல் கிணறு

ஆர்ட்டீசியன் கிணறு என்ற பெயர் வந்தது பிரான்சின் வடக்கே உள்ள ஆர்த்துவா பகுதியால். அங்கே பூமியைத் துளைத்தால் இறைக்காமலே தண்ணீர் மேலே வரும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது பள்ளிப் பாடம். அந்த நம்பிக்கையில் பாரீஸ் நகரம் தோண்டிய கிணற்றின் கதை பலருக்குத் தெரியாது.

1833 கடைசியில், கிரெனேல் இறைச்சிக்கூடத்தின் முற்றத்தில் ஜார்ஜ் முலோ என்பவர் துளை போட ஆரம்பித்தார். கிழக்கே ஷாம்பாஞ் பக்கம் பெய்கிற மழை, மணல் அடுக்கில் இறங்கி, சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் பாரீஸ் வரை வந்து நிற்கிறது. துளைத்தால் பொங்கும் என்பது கணக்கு. அறிஞர் அராகோ இதற்குப் பக்கபலமாக நின்றார்.

1837-இல் சுமார் 400 மீட்டர் ஆழத்தில் துளையிடும் கம்பி அறுந்து உள்ளே விழுந்தது. அதை வெளியே எடுக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காலமெல்லாம் கோப்பு எழுதிய எனக்கு இங்கேதான் ஆச்சரியம். இத்தனை வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத வேலைக்கு மறுபடி மறுபடி பணம் ஒதுக்குவது லேசான காரியமா?

1841 பிப்ரவரி 26-ஆம் தேதி, 548 மீட்டரில் தண்ணீர் பீறிட்டது. வெதுவெதுப்பாக, 28 டிகிரிச் சூட்டில். கூடவே சேறும் மணலும். தெளிய வெகுநாள் பிடித்தது. பிறகு பக்கத்தில் பிரெத்தேய் சதுக்கத்தில் நாற்பது மீட்டருக்கு மேல் உயரமான இரும்புக் கோபுரம் கட்டி, அந்தத் தண்ணீரை ஏற்றி ஊருக்கு விட்டார்கள்.

வெற்றி கண்டதும் ஆசை வளர்ந்தது. பாஸ்ஸி என்ற இடத்தில் இன்னொரு கிணறு போட்டார்கள். 1861 செப்டம்பரில், 586 மீட்டரில் அங்கேயும் தண்ணீர் பொங்கியது. சில நாளிலேயே கிரெனேல் கிணற்றின் வரத்து குறைந்தது. வாய் இரண்டு, வயிறு ஒன்று என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று அந்த இறைச்சிக்கூடம் இல்லை. கோபுரம் இருந்த சதுக்கத்தில் பாஸ்தேர் சிலை நிற்கிறது. முலோ பெயரில் ஒரு சிறிய சதுக்கம் உண்டு. அந்த ஆழத்து நீரை இப்போது ஆபத்துக் காலத்துக்கென்று காப்பாற்றி வைக்கிறார்கள். பாஸ்ஸி முதலான சில இடங்களில் மட்டும் மக்கள் குழாயில் பிடித்துப் போகிறார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. புதுச்சேரியில் 1870-களின் கடைசியிலேயே ஆர்ட்டீசியன் கிணறுகள் போட்டார்கள். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் போட்ட கிணற்றில் தண்ணீரோடு கரிய பொருள் வந்தது. நிலக்கரி தெரிந்தது, ஊரே சுரங்கமாயிற்று. கரிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வெட்ட முடியும்.

தண்ணீர் தேடிப் போட்ட ஒரு துளை ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது. தன் கொல்லையில் போர் போடுகிறவர் தன் தண்ணீரை எடுப்பதாக நினைக்கிறார். அடியில் வேலி கிடையாது. பாஸ்ஸிக்காரர் எடுத்தது கிரெனேல்காரர் தண்ணீரைத்தான்.