கம்பியில்லா ஒலிவாங்கியும் கேமரன் மலையும்

ஒருவர் குரல் பலர் செவியை எட்ட வேண்டும் என்னும் விருப்பம் மனிதர் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டே இருந்து வருகின்றது. யானையின்மேல் முரசை ஏற்றி அறைந்து, இந்திர விழாவை ஊரார்க்கு அறிவித்த செய்தியை மணிமேகலையின் விழாவறை காதையில் காண்கிறோம். முரசு முதலில் ஊரைத் தன்பால் ஈர்க்கும். பின்னரே அறிவிப்போன் வாய் திறப்பான். முரசுக்கு வலிமை உண்டு, சொல் இல்லை. குரலுக்குச் சொல் உண்டு, வலிமை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தந்தவை ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஆகும்.

இன்று ஒலிவாங்கி கம்பியையும் துறந்துவிட்டது. பேசுபவர் கையில் உள்ள கம்பியில்லா மைக்கை எல்லாரும் காண்கின்றனர். மேடை ஓரத்தில் இரு சிறு கொம்புகளுடன் கிடக்கும் பெட்டியை நினைப்போர் மிகச் சிலரே. மைக் அனுப்பும் அலையைப் பிடித்து மீண்டும் ஒலிக்குறிப்பாக்கி, ஒலிபெருக்கிக்கு அளிப்பது அப்பெட்டியே. ஒலியை வாங்குவது ஒலிவாங்கி என்றால், அலையை வாங்கும் இதனை அலைவாங்கி எனலாம். கேமரன் மலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு, இக்கருவி வந்த வழியையும், அவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாதுகாப்பு முறையையும் இங்கே நோக்குவோம்.

மணியோசைக் காலம்

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் உள்ள இம்மலைநாட்டை 1885-இல் அளந்தவர் வில்லியம் கேமரன். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பார் இங்குப் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்தவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் வந்தவருள் பெரும்பாலோர் தமிழர்.

அக்காலத் தோட்ட வாழ்வை ஆண்டது மணியோசை. பொழுது புலருமுன் மணி கேட்டதும் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடுவது மலாயாத் தோட்டங்களின் வழக்கம். அந்த மணிக்குத் தெரிந்த சொல் ஒன்றே: "வா" என்பது. அச்சொல்லுக்கு மறுமொழி கூறும் கருவி தொழிலாளரிடம் இல்லை.

அலை மலையேறிய வரலாறு

கம்பியில்லாமல் செய்தி போகும் என்பதை நம் நாட்டிற்குக் காட்டியவரும் ஒரு மணியையே அடித்துக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலையைச் சுவரைக் கடந்து செல்லச் செய்து, அப்பாலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் வைத்தார். பிற்காலத்து வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி, நாம் பேசப்போகும் மைக் ஆகிய அனைத்தும் அந்த அலையின் வழிவந்தவையே.

மலாயாவில் 1934-இல் பினாங்கு வானொலிச் சங்கத்தின் நிலையம் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியது. போருக்குப் பின் 1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா பிறந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடிக் காலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலர் கூடிக் கேட்கப் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒலிபெருக்கி பூட்டிய விமானங்கள் காட்டின்மேல் பறந்து, உள்ளிருந்தோரைச் சரணடையுமாறு அழைத்தன.

இவை எல்லாம் மேலிருந்து கீழ்நோக்கி வந்த குரல்கள். கோயில் முற்றத்திலும் பள்ளி மண்டபத்திலும் சங்கக் கூட்டத்திலும் மைக் வந்து நின்றபோதுதான், தோட்டத்துத் தமிழர் தம் குரலைத் தாமே பெருக்கிக் கேட்கும் நிலை வந்தது. கேட்கும் மக்கள் பேசும் மக்களாயினர். ஆதலின் மைக்கை நன்கு அமைப்பது வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. பேசும் உரிமையோடு வரும் கடமை அது.

கம்பியை அறுத்தவர்கள்

கம்பியில்லா ஒலிவாங்கியை மேடையேற்றிய முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தின் ரெக் மூர்ஸ். 1947-இல் தாம் செய்த கருவியை 1949-இல் பிரைட்டன் நகரில் நடந்த அலாவுதீன் பனிச்சறுக்கு நாடகத்தில் ஒரு நடிகரின் உடையில் பொருத்தினார். கருவி செவ்வனே இயங்கிற்று. ஆயினும் அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. காரணம் என்ன? அவர் பயன்படுத்திய 76 மெகாஹெர்ட்சு அலைவரிசைக்கு அவரிடம் உரிமம் இல்லை! கருவி பிறந்த அன்றே, "காற்று யாருக்கு உரியது?" என்ற வினாவும் உடன்பிறந்தது.

1953-இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் கையில் பிடிக்கும் கம்பியில்லா மைக்கை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1957-ஐ ஒட்டிச் செருமனியின் சென்ஹைசர் நிறுவனம் வட செருமானிய வானொலியுடன் கூடி மைக்ரோபோர்ட் என்னும் கருவியை உருவாக்கிற்று. 1964-இல் வெளிவந்த மை ஃபேர் லேடி திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசன் கழுத்துப்பட்டியில் இத்தகைய மைக்கை மறைத்துக்கொண்டு நடித்தபடியே பாடினார். அதுமுதல் அரங்கக் கலைஞர், சமயச் சொற்பொழிவாளர், ஆசிரியர் என எல்லாரிடமும் இது பரவிற்று.

இடம் மாறிய ஆபத்து

கம்பி மைக்கில் ஒரு கொடிய ஆபத்து இருந்தது. 1972 மே 3-ஆம் நாள் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கித்தார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்ட அளவில் மின்சாரம் தாக்கி மாண்டார். நிலத்தொடர்பு, அதாவது எர்த், சரியாக இல்லாமையே காரணம். பெருக்கியினுள் பழுது நேர்ந்தால், மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குச் செல்ல வேண்டும். அவ்வழி அடைபட்டால் மைக்கின் உலோக உடலில் தங்கி, தொடுபவர் உடலையே வழியாகக் கொள்ளும்.

கம்பியில்லா மைக் இந்த ஆபத்தைப் பேச்சாளர் கையிலிருந்து நீக்கிவிட்டது. அவர் கையில் இருப்பது சிறு மின்கலத்தின் ஆற்றலே. ஆனால் ஆபத்து உலகைவிட்டு நீங்கிவிடவில்லை, இடம் மாறிற்று. அலைவாங்கி ஒரு கம்பியால் பெருக்கியோடு பிணைக்கப்பட்டுள்ளது. பெருக்கியின் எர்த் அறுந்திருந்தால், அலைவாங்கியின் உலோகப் பெட்டியிலும் ஏரியல் அடியிலும் மின்சாரம் பாயக்கூடும். அதைத் தொடுபவர் யார்? அலைவரிசையைத் திருப்பப் பெட்டிமேல் கைவைக்கும் ஆசிரியர் அல்லது மாணவர். முன்பு பேசுபவரை அச்சுறுத்தியது, இப்போது அமைப்பவரை அச்சுறுத்துகின்றது.

ஒலிபெருக்கியில் 'உம்' என்ற இரைச்சல் கேட்டால், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இரைச்சல் அடங்கும், அதனோடு பாதுகாப்பும் அடங்கிவிடும். இதனை ஒருபோதும் செய்தல் கூடாது. பெருக்கி, கலவைப்பெட்டி, அலைவாங்கி மூன்றையும் ஒரே மின்வாயிலிலிருந்து இயக்கினாலே இரைச்சல் பெரும்பாலும் குறையும். அதன் பின்னும் நீடித்தால் மின்பணியாளரை அழைப்பதே முறை. திறந்தவெளித் திருவிழாவில், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சு வழியாக மட்டுமே கருவிகளை இயக்க வேண்டும்.

மலைநாட்டில் பிற்பகல் இடிமழை புதிதன்று. இடி முழங்கத் தொடங்கின் நிகழ்ச்சியை நிறுத்தி, மின்வாயிலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுதல் நன்று. இடி தலைக்குமேல் வந்தபின் கம்பிகளைத் தொடுதல் தகாது.

காற்றிலும் வேலி உண்டு

ரெக் மூர்ஸ் எதிர்கொண்ட வினா இன்றும் தீரவில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் விட்டுவைத்த இடைவெளிகளில் மைக்குகள் நெடுங்காலம் குடியிருந்தன. பின்னர்க் கைப்பேசிச் சேவை அவ்விடங்களை நாடிற்று. அமெரிக்காவில் 2010 ஜூன் 12-உடன் 700 மெகாஹெர்ட்சுப் பகுதியில் மைக் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-இல் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாடெங்கும் முடிவுற்றது. விடுபட்ட 700 மெகாஹெர்ட்சுப் பகுதி 5ஜி சேவைக்குச் சென்றது.

ஆதலால் பழைய பெட்டியை எடுப்பவர் முதலில் அதன் அடியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். 700 பகுதியில் இயங்குவதாயின் அதனை ஒதுக்குக. புதிதாக வாங்குவோர், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்றுச் சின்னம் உள்ளதா என நோக்கி வாங்குக. மலிவு கருதி அயல்நாட்டிலிருந்து வரவழைத்த கருவி, இங்கு அனுமதியற்ற அலைவரிசையில் இயங்கலாம்.

கேமரன் மலைக்கு இதில் ஒரு தனித்தன்மை உண்டு. 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கின்றது. அதனை நேரே நோக்கும் சரிவில் காற்று அலைகளால் நிறைந்திருக்கும்; ஒரு மேட்டுக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கிலோ அதே அலைவரிசை அமைதியாகக் கிடக்கும். எனவே ஒரு தோட்டத்தில் நன்கு இயங்கிய அலைவரிசை அடுத்த தோட்டத்திலும் இயங்கும் என்று கொள்ளுதல் பிழை. ஒவ்வோர் இடத்திலும் புதிதாகச் சோதித்தல் வேண்டும்.

அமைக்கும் முறை

அலைவாங்கியின் ஏரியல்கள் ஏன் அவ்வளவு குட்டையானவை? 600 மெகாஹெர்ட்சில் ஓர் அலையின் நீளம் அரை மீட்டர்; அதன் காற்பங்கு 12.5 சென்டிமீட்டர். ஒரு சாணும் இல்லாத கம்பி அதற்குப் போதுமானது. ஏன் இரண்டு? தகரக் கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை, நேரே வரும் அலையோடு மோதிச் சில புள்ளிகளில் அழிந்துவிடும். அப்போது குரல் அறுபடும். ஓர் ஏரியல் அத்தகைய புள்ளியில் அகப்பட்டாலும் மற்றது தப்பும். நல்லதைப் பெட்டி தேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டையும் ஒட்டி நிறுத்தாமல் பக்கவாட்டில் விரித்து வைக்க வேண்டும்.

மனித உடலில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சும். கூட்டம் நிறைந்ததும் குரல் அறுபடுவதற்குக் காரணம் இதுவே. ஆதலின் பெட்டி தலைமட்டத்துக்கு மேல், மேடையை நேரே காணும் இடத்தில் இருத்தல் வேண்டும். இரும்பு அலமாரிக்குள்ளும், மடிக்கணினிக்கு அருகிலும் வைத்தல் கூடாது. மைக்குக்கும் பெட்டிக்கும் இடையே மூன்று மீட்டரேனும் இருப்பது நலம். மிக நெருங்கினாலும் அலை மிகுந்து குழப்பம் விளையும்.

இனி ஒழுங்குமுறை. முதலில் பெருக்கியின் ஒலியளவை முற்றும் குறைக்கவும். பெட்டியோடு வந்த அடாப்டரையே பொருத்தவும். வேறொன்றின் மின்னழுத்தமும் முனைகளும் மாறுபடலாம். மைக்கை முடுக்காமலே அலைவாங்கியை மட்டும் இயக்கி, அலையளவைக் காட்டும் விளக்கைப் பார்க்கவும். மைக் உறங்கும்போதே அவ்விளக்கு எரிந்தால், அந்த அலைவரிசையில் வேறொருவர் இருக்கின்றார் என்பது பொருள். வேறோர் அலைவரிசைக்கு மாறுக. அதன் பின்னரே மைக்கை முடுக்கி, இரண்டையும் ஒரே அலைவரிசையில் இணைக்கவும். ஒருவர் மேடை முழுவதும் பேசியபடி நடக்க, மற்றவர் எங்கே குரல் அறுபடுகின்றது என்று கேட்கவும். இறுதியில் ஒலியளவைச் சிறிது சிறிதாக உயர்த்தவும். முடிக்கும்போது பெருக்கியை முதலில் அணைத்து, மைக்கையும் பெட்டியையும் பின்னர் அணைக்கவும்.

ஓர் அலைவரிசையில் ஒரு மைக்கே இயங்கலாம். இரண்டு சேர்ந்தால் குரல் கலைந்து கீச்சொலி எழும். மைக் ஒலிபெருக்கியின் முன்னே சென்றாலும் ஊளையொலி பிறக்கும். ஒலிபெருக்கிகளைப் பேசுபவருக்கு முன்னால் கேட்போரை நோக்கி நிறுத்துக. ஒலியளவுக்கும் எல்லை உண்டு. பொழுதுபோக்கு அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டலாகாது என்று 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அது பெரியோர் கூடும் இசையரங்குக்கும் மேல்வரம்பு. பள்ளிச் சிறார்க்கு அதனினும் மிகக் குறைந்த ஒலியே போதும்; அவர்களை ஒலிபெருக்கியின் வாயருகே அமர்த்துதல் கூடாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. பழைய முறை மைக்கின் அலையை, அதே அலைவரிசைக்குத் திருப்பிய எந்தப் பெட்டியும் பிடிக்கும். பேச்சு முடிந்ததும் மைக்கை அணைக்காமல் அலுவலறைக்குள் சென்றால், அங்குப் பேசும் சொல் மண்டபத்தில் ஒலிக்கும்.

முடிவாக

தோட்டத்து மணி "வா" என்று மட்டும் சொன்னது. வானொலி பேசியது, மறுமொழியைக் கேட்கவில்லை. அலைவாங்கியோ முதலில் கேட்கவே அமைந்த கருவி. காற்றில் யார் இருக்கின்றார் என்று கேட்ட பிறகே நம் குரலுக்கு அது வழிவிட வேண்டும் என்பதே மேற்கூறிய முறைகளின் சாரம். திருக்குறளிலும் கேள்வி என்னும் அதிகாரம் முன்னே நிற்க, சொல்வன்மை பின்னே வருவதைத் தமிழாசிரியர் அறிவர். மாணவர்க்கு மைக்கைக் கையில் கொடுக்கும் நாளில் அந்த வரிசையையும் சேர்த்துக் கற்பிப்பாராக.