நீரில் விழும்போது உயிர் இருந்ததா?

இன்ஜினியருக்குப் பிணவறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நம் ஹாஸ்டல் ஜூனியர் ஒருவன் கல்குவாரித் தண்ணீரில் போனது எங்கள் செட்டுக்கு மறந்திருக்காது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் அப்பா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “விழும்போது உயிர் இருந்துச்சுங்களா?” யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

கேள்வி மிகப் பழையது. சீனத்தில் நீதி அதிகாரியாக இருந்த சோங் சி 1247-லேயே பிணப்பரிசோதனைக்கு ஒரு நூல் எழுதினார். நகக்கண்ணில் மணல், வயிற்றில் தண்ணீர் இருக்கிறதா பார் என்றார். 1888-ல் வியன்னாவின் பால்டாஃப், மூழ்கியவர் நுரையீரலின் மேலுறைக்கு அடியில் வெளிறிய இரத்தத் திட்டுகளைக் கண்டார். அவை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன.

நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்துப்போவது 1921-ல் நியூயார்க்கின் அலெக்சாண்டர் கெட்லர் செய்ததுதான். சுத்தமான ‘இன்லெட், அவுட்லெட்’ கணக்கு! நுரையீரலுக்குப் போகும் இரத்தம் இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து திரும்பி வருவது இடது பக்கம். நல்ல தண்ணீரை மூச்சில் இழுத்திருந்தால் இடப்பக்க இரத்தம் நீர்த்துப்போய் குளோரைடு குறையும். கடல்நீர் என்றால் கூடும். இதயம் ஓடியிருந்தால்தான் இந்த வித்தியாசம் வரும். என்ன அழகான யோசனை பாருங்கள்! ஆனால் செத்த உடம்பு நம் லேப் பைப்லைன் மாதிரி சும்மா இருப்பதில்லை. சாவுக்குப் பின் உப்புகள் திசுக்களுக்குள் இடம் மாறுகின்றன. தண்ணீரே படாதவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது. நம்பிக்கை போய்விட்டது.

அடுத்து டயாட்டம். சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசி, அமிலத்தில் வேகவைத்தாலும் கரையாது. நுரையீரலில் மட்டும் இருந்தால் போதாது, பிணத்துக்குள்ளும் தண்ணீர் தானாகப் புகும். 1942-ல் ஹங்கேரியின் இன்ட்சே அதை மற்ற உறுப்புகளிலும் காட்டினார். எலும்பு மஜ்ஜை வரை போயிருந்தால் கொண்டுசேர்த்தது ஓடும் இரத்தம் என்பது வாதம். சாப்பாட்டிலிருந்தும் லேப் பாத்திரத்திலிருந்தும் வரலாமே என்பது எதிர்வாதம். சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆகவே சிலர் தண்ணீரை விட்டுவிட்டு, அதற்கு நுரையீரல் கொடுத்த பதிலைத் தேடத் தொடங்கினார்கள். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்புப் பொருளில் எஸ்.பி.-ஏ என்றொரு புரதம் உண்டு. மூழ்கியவர் காற்றறைகளில் அது துகள் துகளாகச் சிதறிக் கிடப்பதை ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் சாயமேற்றிக் காட்டினர். ஆனால் கழுத்து நெரிபட்டவரிடமும் அப்படி வரும். அங்கேதான் உதைக்கிறது. 2009-ல் இன்னொரு ஜப்பானியக் குழு அக்வாபோரின்-5 என்ற நீர்வழிப் புரதத்தை எடுத்துக்கொண்டது. நல்ல தண்ணீரில் மூழ்கிய நுரையீரலில் அது குறைந்திருந்தது, உப்புநீரில் அப்படியில்லை. இரத்தம் நீர்த்துப்போகாமலிருக்க உயிரணு தானே மதகை அடைத்துக்கொள்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். (இந்தக் குடும்பப் புரதத்தைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் நோபல் கிடைத்தது.)

கஷ்டம் என்னவென்றால், புரதம் அழுகிவிடும். மூன்றாம் நாள் மிதந்து வரும் உடலில் சாயம் பேசாது. அப்போது கண்ணாடி ஓட்டு டயாட்டம்தான் மிஞ்சும். இன்றும் ‘மூழ்கி இறந்தார்’ என்று எழுதுமுன் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

எங்கள் ஜூனியரை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். மூக்கோரம் வெண்ணுரை இருந்தது. அதுவும் தனியாக நின்றால் சாட்சியாகாது, வேறு சில சாவுகளிலும் வரும். தலையில் காயமில்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொன்னார்: “உயிரோடதாங்க விழுந்திருக்கான். யாரும் அடிச்சுப் போடலை.” அப்பா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப ரொம்ப நேரம் தவிச்சிருப்பானா?” என்றார்.