தொப்பிக்குள் விட்ட கை

ஆங்கிலத்தில் கையை வைத்துப் பிறந்த சொற்றொடர்களில் ஒன்று, உள்ளே கை இருப்பதே தெரியாத அளவுக்குத் தேய்ந்து தனிச்சொல்லாகிவிட்டது. ‘ஹேண்டிகேப்’தான் அது. பிரித்தால் ‘ஹேண்ட் இன் கேப்’, அதாவது தொப்பிக்குள் கை. உடற்குறையைச் சுட்டும் சொல்லாகவே நம்மில் பலரும் அதை அறிவோம். அது புழங்கத் தொடங்கியதோ இங்கிலாந்தின் மதுக்கடைகளில்.

‘ஹேண்ட் இன் கேப்’ ஒரு பண்டமாற்று ஆட்டம். ஒருவரிடம் மேலங்கி, இன்னொருவரிடம் வெள்ளிக் கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். மாற்றிக்கொள்ள இருவருக்கும் ஆசை. ஆனால் இரண்டும் ஒரே விலை பெறாது. அதனால் மூன்றாமவர் ஒருவரை நடுவராக வைப்பார்கள். மூவரும் ஆளுக்குக் கொஞ்சம் பணத்தைத் தொப்பியில் போடுவார்கள். பொருள்களைப் பார்த்துவிட்டு, மேலங்கிக்காரர் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று நடுவர் சொல்வார். உடனே இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் எடுப்பார்கள். விரித்த கை சம்மதம், மூடிய கை மறுப்பு.

இருவரும் சம்மதித்தாலும், இருவரும் மறுத்தாலும் தொப்பிப் பணம் நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் பணம் அவருக்கு, பண்டம் கைமாறாது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. நடுவர் ஒருபக்கம் சாய்ந்து விலை சொன்னால், லாபம் பெறுபவர் கையை விரிப்பார், நட்டப்படுபவர் மூடுவார். நடுவருக்குச் சல்லிக்காசு தேறாது. நியாயமாகச் சொன்னால்தான் அவருக்கும் வரும்படி.

1660 செப்டம்பரில் லண்டன் வுட் தெருவில் இருந்த மைட்டர் மதுக்கடையில் நண்பர்கள் இதை ஆடியதையும், தனக்கு அது புதிய ஆட்டம் என்பதையும் சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்டம் அவருக்கு முந்தியது. 14ஆம் நூற்றாண்டில் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் ப்ளௌமன்’ காவியத்திலேயே, செருப்புத் தைக்கும் கிளெமென்ட்டின் மேலங்கிக்கும் குதிரைக்கார ஹிக்கின் தலைமூடிக்கும் விலை பேச, கயிறு திரிக்கும் ராபின் நடுவராக எழுந்து வருகிறார். அன்று நடுவருக்குப் பெயர் ‘நௌம்பெர்’, இரு தரப்பிலும் சேராதவர். ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அ’ முன்னால் வந்து நின்றபோது, சொல்லின் முதல் ‘ந்’ அதோடு ஒட்டிப் பிரிந்துபோனது. மிச்சம் நின்றதுதான் கிரிக்கெட் மைதானத்து ‘அம்பயர்’.

18ஆம் நூற்றாண்டில் ஆட்டம் குதிரைப் பந்தயத்துக்குத் தாவியது. வேகமான குதிரை எத்தனை பவுண்டு எடையைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும் என்று நடுவர் சொல்வார். உரிமையாளர்கள் பழையபடி கையால் சம்மதம் தெரிவிப்பார்கள். 1791இல் ஆஸ்காட்டில் நடந்த ஓட்லண்ட்ஸ் பந்தயத்தில் பல குதிரைகளுக்கும் இப்படி எடை பகுக்கப்பட்டது. ஆக, ‘ஹேண்டிகேப்’ என்ற அந்தக் கூடுதல் எடையை வாங்கிய குதிரை நோஞ்சான் அல்ல. எல்லாரும் அஞ்சிய குதிரை.

பின்னர் எடையின் பெயரே சுமைக்கு ஆகி, எந்தத் தடைக்கும் பொதுவானது. உடற்குறைக்கு அது வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

ஊனமுற்றோர் தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டதால் வந்த சொல் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. பிச்சைக்காரர் கையில் தொப்பி இருக்கும். இந்தச் சொல்லிலோ தொப்பிக்குள்தான் கை இருக்கிறது. காலக்கணக்கும் ஒத்துவரவில்லை: பெப்பிஸ் எழுதி இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பிறகே ஊனமுற்றோரை இந்தச் சொல்லால் குறித்தார்கள். அவர்களை இரவலராக்கும் அந்தக் கதையை யாரேனும் சொன்னால், அங்கேயே மறுத்துவிடுங்கள்.